நீல ரோஜாவும் வெள்ளைச் செண்டுமல்லியும்: பூக்களில் அரிய நிறம் பிறக்கும் வழி

காதலர் தினத்தை ஒட்டிப் பூங்கொத்துக் கடைகளில் அடர் நீல ரோஜாக்கள் விற்பனைக்கு வருகின்றன. அவை எல்லாம் வெள்ளை ரோஜாக்கள். காம்பைச் சாயம் கலந்த நீரில் நிற்க வைத்தோ, மலர்ந்த பூவைச் சாயத்தில் தோய்த்தோ அந்த நீலம் ஏற்றப்படுகிறது. அதில் பெரிய கேடு ஒன்றும் இல்லை. வாங்குபவர் ஒரு நாள் மகிழ்ச்சிக்காக வாங்குகிறார். ஆனால் இணையத்தில் 'நீல ரோஜா விதை', 'வானவில் ரோஜா விதை' என்று பொட்டலம் கட்டி விற்பதை அப்படி விட்டுவிட முடியாது. அப்படி ஒரு ரோஜாச் செடி எந்த விதையிலிருந்தும் முளைக்காது. ஆசையோடு மண் கலந்து, விதை ஊன்றி, மாதக்கணக்கில் நீர் ஊற்றிக் காத்திருக்கும் புதிய தோட்டக்காரர் ஒருவர், குற்றம் தன் கைப்பக்குவத்தில் இருப்பதாக நினைத்துச் செடி வளர்ப்பையே கைவிட்டுவிடுகிறார். பூக்களின் நிறம் எப்படி உண்டாகிறது, இல்லாத நிறத்தை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதற்கு இந்த ஏமாற்றமே போதுமான காரணம்.

ஒரு பூவினத்தில் ஒரு நிறம் அரிதாக இருக்கிறது அல்லது அறவே இல்லை என்றால், அதற்குக் குறிப்பிட்ட ஒரு காரணம் அந்தச் செடிக்குள் இருக்கிறது. சில செடிகளில் அந்த நிறத்தை மறைக்கும் வேறொரு நிறமி இருக்கும். சிலவற்றில் நிறத்தை உண்டாக்கும் நொதி பழுதுபட்டிருக்கும். சிலவற்றில் அந்த நொதிக்கான மரபணுவே அந்தப் பேரினத்தின் எந்தச் செடியிலும் இருக்காது. எந்தக் காரணம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த நிறத்தை அடையும் வழியும், அதற்குப் பிடிக்கும் காலமும், வீட்டுத் தோட்டத்தில் அது நடக்குமா ஆய்வகத்தில்தான் நடக்குமா என்பதும் தீர்மானமாகின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் எந்த முயற்சியும் குருட்டாம்போக்கானதே.

நிறத்தின் வேதியியல்

தோட்டப் பூக்களின் நிறம் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நிறமிகளால் அமைகிறது. மஞ்சளையும் ஆரஞ்சையும் தருபவை கரோட்டினாய்டுகள். இவை இதழ்ச் செல்களுக்குள் இருக்கும் கணிகங்கள் என்னும் நுண்ணுறுப்புகளில் தங்குகின்றன. சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் ஆகியவற்றைத் தருபவை அந்தோசயனின்கள். இவை செல்லின் நடுவே சாறு நிரம்பிய பையாக இருக்கும் வாக்குவோலில் கரைந்திருக்கின்றன. இரண்டும் ஒரே இதழில் சேரும்போது பழுப்பு, செம்பு, செங்கல் நிறம் போன்ற கலவைகள் கிடைக்கின்றன. காகிதப்பூ, அந்திமந்தாரை, கோழிக்கொண்டை, டேபிள் ரோஸ் போன்ற சில செடிகள் மட்டும் இந்த வரிசையிலிருந்து விலகியவை. அவற்றின் சிவப்பும் மஞ்சளும் பீட்டலைன் என்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. பீட்டலைன் உண்டாக்கும் செடியில் அந்தோசயனின் உண்டாவதில்லை.

அந்தோசயனின்களில் அடிப்படையானவை மூன்று. பெலார்கோனிடின் ஆரஞ்சு சார்ந்த சிவப்பைத் தருகிறது. சயனிடின் சிவப்பையும் கருஞ்சிவப்பையும் தருகிறது. டெல்பினிடின் ஊதாவையும் நீலத்தையும் தருகிறது. மூன்றுக்கும் உள்ள வேறுபாடு, மூலக்கூறின் ஒரு வளையத்தில் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளின் எண்ணிக்கைதான்: முறையே ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதை ஒட்டவைக்கும் நொதி இல்லாத செடியில் டெல்பினிடின் உண்டாகாது. ரோஜா, கார்னேஷன், சாமந்தி, லில்லி ஆகிய நான்கும் உலகப் பூ வணிகத்தில் முன்வரிசையில் நிற்பவை. நான்கிலும் இயல்பாக அந்த நொதி இல்லை. நூற்றாண்டுகளாகக் கலப்புச் செய்தும் அவற்றில் நீலம் பிறக்காததற்கு முதன்மைக் காரணம் இதுவே.

ஆனால் நிறமி மட்டுமே நிறத்தைத் தீர்மானிப்பதில்லை. ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஷ்டேட்டர் நீல நிறக் கார்ன்பிளவரிலிருந்து சயனிடினைப் பிரித்தெடுத்தார். பின்பு சிவப்பு ரோஜாவிலும் அதே பொருள் இருப்பதைக் கண்டார். தாவர நிறமிகள் பற்றிய ஆய்வுகளுக்காக 1915-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரே சயனிடின் ஒரு பூவில் சிவப்பாகவும் இன்னொன்றில் நீலமாகவும் தெரிவதற்கு, கார்ன்பிளவரில் அந்த நிறமி இரும்பு, மெக்னீசியம், கால்சியம் அயனிகளோடும் ஃபிளேவோன் என்னும் நிறமற்ற துணைப் பொருளோடும் சேர்ந்து ஒரு பெரிய கூட்டமைப்பாக இருப்பதே காரணம் என்பது பின்னாளில் தெளிவானது. வாக்குவோலின் அமிலத்தன்மைக்கும் இதில் பங்கு உண்டு. 'ஹெவன்லி புளூ' என்ற மார்னிங் குளோரி வகையின் மொட்டு செவ்வூதாவாக இருந்து, விரியும்போது வான்நீலமாக மாறுகிறது. அந்தச் சில மணி நேரத்தில் அதன் வாக்குவோலின் பிஎச் அளவு ஏறத்தாழ 6.6-லிருந்து 7.7-க்கு உயர்கிறது, அதாவது அமிலத்தன்மை குறைகிறது. நிறமி அப்படியே இருக்கிறது, அதைச் சூழ்ந்த சாறுதான் மாறுகிறது. நீலத்தைத் தேடியவர்கள் பிற்காலத்தில் பட்ட பாட்டுக்கெல்லாம் இந்த உண்மை அடியில் இருக்கிறது.

இழப்பதால் கிடைக்கும் நிறங்கள்

அந்தோசயனின் பல படிகளைக் கடந்து உண்டாகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி, ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு. இவற்றில் ஏதேனும் ஒன்று பழுதுபட்டாலும் பூ வெளிறிவிடும். ஆகவே நிறமுள்ள பூவினங்களில் வெள்ளை அடிக்கடி தானாகவே தோன்றுகிறது. பழுதான மரபணு ஒடுங்கு பண்பாக இருப்பதால், வெள்ளையையும் நிறப்பூவையும் கலந்தால் முதல் தலைமுறையில் வெள்ளை மறைந்துவிடும். அந்தச் செடிகளைத் தம்முள் கலந்தால் இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒன்றாக மீண்டும் வெளிப்படும். பள்ளிப் பாடத்தில் அந்திமந்தாரையின் சிவப்பையும் வெள்ளையையும் கலந்து இளஞ்சிவப்பு பெறும் எடுத்துக்காட்டைப் படித்தவர்களுக்கு, ஓங்கு தன்மை முழுமையாக இல்லாத இடங்களில் இடைநிறமும் வரும் என்பது நினைவிருக்கும்.

மெண்டல் தம் ஆய்வை 1866-ல் வெளியிடுவதற்கு முன்பே, ஜப்பானின் எடோ காலத் தோட்டக்காரர்கள் இந்த விதியை நடைமுறையில் கண்டுகொண்டிருந்தார்கள். அங்கே அசகாவோ என்று அழைக்கப்படும் மார்னிங் குளோரியின் மீது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், மீண்டும் அந்நூற்றாண்டின் நடுவிலும் பெரும் மோகம் பரவியது. பழுப்பும் சாம்பலும் கோடுகளும் புள்ளிகளுமாக வித்தியாசமான வகைகளுக்குப் போட்டிகள் நடந்தன, படங்களோடு தொகுப்புகள் அச்சாயின. அவற்றுள் மிக விசித்திரமானவை விதை கட்டாதவை. மலட்டுச் செடியின் வகையை எப்படிக் காப்பாற்றுவது? அதனோடு பிறந்த சாதாரண தோற்றமுடைய செடிகளின் விதையை, எந்தச் செடியுடையது என்று தனித்தனியே குறித்து, மறு ஆண்டு நிறைய விதைத்து, எதன் பிள்ளைகளில் அந்த விசித்திரம் வெளிப்படுகிறது என்று பார்த்தார்கள். மரபணு என்ற கருத்தே இல்லாத காலத்தில், மறைந்திருக்கும் பண்பு உடன்பிறப்புகளின் வழியாகக் கடந்து செல்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே கண்டுகொண்ட அந்தத் தோட்டக்காரர்களின் நிதானம் எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்குகிறது. அசகாவோவின் கோடுகளுக்கும் திட்டுகளுக்கும் காரணம், மரபணுவுக்குள் புகுந்தும் வெளியேறியும் இடம் மாறும் டி.என்.ஏ. துண்டுகள் என்பது பிறகு தெரியவந்தது. துண்டு வெளியேறிய செல்லின் வழித்தோன்றல்கள் மட்டும் நிறம் பெறுகின்றன.

இழப்பு எளிது என்று சொன்னதற்குச் செண்டுமல்லி ஒரு விலக்கு. துலுக்கச் சாமந்தி என்றும் அழைக்கப்பட்டு, மாலைக்கும் தோரணத்துக்கும் நாம் பயன்படுத்தும் இந்தப் பூவின் மஞ்சளும் ஆரஞ்சும் லூட்டீன் என்னும் கரோட்டினாய்டால் ஆனவை. அந்த லூட்டீனைப் பிரித்தெடுத்துக் கோழித் தீவனத்துக்கும் கண் நலத்துக்கான மாத்திரைகளுக்கும் அனுப்புவதற்காகவே தமிழ்நாட்டில் ஒப்பந்த முறையில் செண்டுமல்லி பயிரிடப்படுகிறது. இலையில் ஒளிச்சேர்க்கை நடக்கக் கரோட்டினாய்டு கட்டாயம் வேண்டும் என்பதால், அதன் உற்பத்தியை அடியோடு முடக்கும் பழுது செடியையே கொன்றுவிடும். இதழில் மட்டும் நிறம் குறைய வேண்டும், இலையில் குறையக் கூடாது. வெள்ளைச் செண்டுமல்லி அரிதாக இருந்ததற்கு இது முக்கியமான காரணம்.

அமெரிக்க விதை வணிகர் டேவிட் பர்பி, வெள்ளைச் செண்டுமல்லி தரும் விதையைக் கொண்டுவருபவருக்கு 10,000 டாலர் பரிசு என்று 1954-ல் அறிவித்தார். பூ இரண்டரை அங்குல அகலமாவது இருக்க வேண்டும், உண்மையான வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1975-ல் அந்தப் பரிசைப் பெற்றவர் அயோவா மாநிலத்தின் சல்லி என்ற சிற்றூரைச் சேர்ந்த ஆலிஸ் வோங்க். அவர் ஆய்வகம் வைத்திருந்தவர் அல்லர். தம் தோட்டத்தில் ஆண்டுதோறும் இருப்பவற்றுள் மிக வெளிறிய பூக்களைத் தேர்ந்து, அவற்றின் விதையை மட்டும் எடுத்து, மறு ஆண்டு விதைத்து, மீண்டும் அவற்றுள் வெளிறியதைத் தேர்ந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதே வேலை. தேர்வு முறை என்று பயிர்ப் பெருக்கவியல் சொல்வதன் தூய வடிவம் இதுதான். பல சிறு காரணங்கள் சேர்ந்து ஒரு பண்பை ஆக்கும்போது, ஒரே கலப்பில் அற்புதம் நிகழாது. ஒவ்வொரு தலைமுறையிலும் சிறிதளவு முன்னேற்றம் கிடைக்கும், அதைக் கைவிடாமல் சேர்க்க வேண்டும். பிற செடிகளின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்துவிட்டால் அந்த முன்னேற்றம் ஒரே பருவத்தில் கரைந்துவிடும் என்பதால், தேர்ந்த செடிகளைத் தனியே வைக்க வேண்டியதும் இம்முறையில் தவிர்க்க முடியாதது.

சாமந்தியில் கதை தலைகீழ். வெள்ளைச் சாமந்தியின் இதழும் கரோட்டினாய்டை உண்டாக்குகிறது. ஆனால் அதைச் சிதைக்கும் ஒரு நொதியும் அங்கே வேலை செய்வதால் இதழ் வெள்ளையாகிறது. இதனை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-ல் விளக்கினார்கள். ஆகவே சாமந்தியில் வெள்ளை மஞ்சளை அடக்கும் ஓங்கு பண்பு. சிதைக்கும் நொதியின் மரபணு பழுதானால் வெள்ளைச் செடியின் ஒரு கிளையில் திடீரென மஞ்சள் பூ பூக்கும். ஒரு பூவினத்தில் கற்ற பாடத்தை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எத்தனை செடி வளர்க்க வேண்டும்

கலப்புச் செய்து ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் ஏமாந்தது எண்ணிக்கையில்தான். ஒரே ஒரு ஒடுங்கு மரபணுவால் வரும் நிறம் என்றால் இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒரு செடியில் அது தெரியும். ஒன்றாவது கட்டாயம் கிடைக்கும் என்று 95 சதவீத நம்பிக்கை வேண்டுமானால் 11 செடிகள் வளர்த்தால் போதும். இரண்டு ஒடுங்கு மரபணுக்கள் ஒன்றுசேர வேண்டுமானால் 16-ல் ஒன்று. அதே நம்பிக்கைக்கு 47 செடிகள் வேண்டும். மூன்று என்றால் 64-ல் ஒன்று, 191 செடிகள். நான்கு தொட்டிகளில் நான்கு நாற்றுகளை வைத்துவிட்டு 'ஒன்றும் வரவில்லை' என்று முடிவு கட்டுபவர், வந்திருக்க வேண்டியதை வரவே விடவில்லை.

ரோஜாவில் கணக்கு இன்னும் கடுமையானது. இன்றைய ஹைபிரிட் டீ ரோஜாக்கள் பெரும்பாலும் நான்மயம், அதாவது ஒவ்வொரு மரபணுவும் இரண்டு நகல்களாக இல்லாமல் நான்கு நகல்களாக இருக்கும். இரண்டு ஓங்கு நகல்களும் இரண்டு ஒடுங்கு நகல்களும் கொண்ட செடியைத் தன்னோடு கலந்தால், ஒடுங்கு நிறம் நான்கில் ஒன்றாக இல்லாமல் 36-ல் ஒன்றாகவே வெளிவரும். சாமந்தி பொதுவாக ஆறுமயம். அங்கே மறைந்திருப்பவை இன்னும் ஆழத்தில் மறைந்திருக்கும். தொழில்முறை ரோஜாப் பெருக்குநர்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, அவற்றில் ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுவது இதனால்தான்.

வெளியிலிருந்து வந்த மஞ்சள்

19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பியத் தோட்ட ரோஜாக்களில் அடர் மஞ்சள் கிடையாது. சீனாவிலிருந்து வந்த டீ ரோஜாக்கள் வெளிர் மஞ்சளைத் தந்திருந்தன. அது வெயிலில் வெளுத்துவிடும். அடர் மஞ்சள் இருந்தது மேற்காசியாவைச் சேர்ந்த ரோசா ஃபெட்டிடா என்ற இனத்தில், குறிப்பாக அதன் அடுக்கிதழ் வகையான 'பெர்ஷியன் யெல்லோ'வில். அந்தச் செடி எளிதில் கலப்புக்கு இணங்காது. மகரந்தத்தில் உயிர்ப்பு குறைவு, விதையும் அரிது. பிரான்சின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் பெர்னே-டூஷே 1880-களில் தொடங்கி அதன் மகரந்தத்தைப் பல தோட்ட ரோஜாக்களில் வைத்துக்கொண்டே இருந்தார். ஆன்ட்வான் டூஷே என்ற சிவப்பு ரோஜாவில் வைத்த கலப்பின் வழித்தோன்றலாகக் கிடைத்த 'சொலேய் டோர்' 1900-ல் வெளியானது. ஆரஞ்சும் செம்மையும் கலந்த மஞ்சள் அது. அதனைக் கொண்டு மேலும் கலந்து, தூய மஞ்சளான 'ரேயோன் டோர்' ரோஜாவை 1910-ல் கொடுத்தார். இன்று நம் நர்சரிகளில் நாம் காணும் மஞ்சள், ஆரஞ்சு, இருநிற ரோஜாக்களில் மிகப் பல இந்த வழியில் வந்தவை.

அந்த நிறத்துக்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ரோசா ஃபெட்டிடா கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகும் செடி; அந்தப் பலவீனமும் நிறத்தோடு சேர்ந்து வந்தது. மஞ்சள் ரோஜா வளர்ப்பவர் மழைக்காலத்தில் இலைகள் புள்ளிவிழுந்து உதிர்வதைப் பார்த்து வருந்துகிறார் என்றால், அந்த வருத்தத்தின் வேர் 19-ஆம் நூற்றாண்டுக் கலப்பில் இருக்கிறது. 1957-ல் வெளியான 'ஸ்டெர்லிங் சில்வர்' என்ற வெள்ளி படர்ந்த இளவூதா ரோஜாவும் நிறத்துக்குப் புகழ்பெற்ற அளவுக்குச் செடியின் மெலிவுக்கும் பெயர்பெற்றது. அரிய நிறத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்: நிறம் நன்றாக வந்த நாற்றை நோய் எதிர்ப்பு உள்ள செடியோடு மீண்டும் கலக்கும் அடுத்த கட்ட வேலையைச் செய்யாமல் விற்பனைக்கு விடுவது, வாங்குபவர் தலையில் மருந்து தெளிக்கும் சுமையை ஏற்றுவதாகும்.

கிளையில் தோன்றும் மாற்றம்

கலப்பே செய்யாமலும் புது நிறம் வரும். ஒரு மொட்டின் செல்லில் ஏற்படும் திடீர்மாற்றத்தால் ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூப்பதும், அந்தக் கிளையை ஒட்டுக்கட்டித் தனி வகையாக்குவதும் ரோஜாவிலும் சாமந்தியிலும் பழைய வழக்கம். 'பீஸ்' ரோஜாவின் கிளையிலிருந்து 1962-ல் வந்த 'சிகாகோ பீஸ்' இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது. இயற்கை அரிதாகச் செய்வதைக் காமா கதிர் கொண்டு விரைவுபடுத்தும் முறை இந்தியாவில் நன்கு வேரூன்றியது. லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் கதிரியக்கம் மூலம் பல சாமந்தி வகைகளை உருவாக்கியது. இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. மாற்றம் ஒரே செல்லில் தோன்றுவதால், இளஞ்சிவப்புப் பூவின் ஓரிரு இதழ்கள் மட்டும் மஞ்சளாக நிற்கும். அந்தக் கிளையை வெட்டி நட்டால் பழைய செல்கள் முந்திக்கொண்டு புது நிறத்தை அமுக்கிவிடும். அந்த ஒற்றை இதழையே எடுத்துத் திசு வளர்ப்பில் முழுச் செடியாக மீட்டெடுக்கும் முறையை லக்னோ ஆய்வாளர்கள் கையாண்டார்கள்.

நிறம் செடியுடையதே அல்லாத ஒரு நிகழ்வும் வரலாற்றில் உண்டு. 1637-ல் விலை சரிந்து முடிந்த டச்சு டியூலிப் மோகத்தில் உச்ச விலைக்குப் போனவை, வெள்ளையில் சிவப்புத் தீற்றல்கள் கொண்ட பூக்கள். அந்தத் தீற்றல் அசுவினிப் பூச்சி பரப்பும் ஒரு வைரசால் வருவது என்பதற்கான சான்றை, இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் டோரதி கேலி 1928-ல் கொடுத்தார். விதை வழியாக அந்த அழகு போகாது, கிழங்கும் ஆண்டுக்காண்டு மெலிந்துகொண்டே போகும்.

நீலத்தைத் தேடி

பேரினத்தில் எங்குமே இல்லாத நிறத்துக்கு மேற்சொன்ன எந்த வழியும் உதவாது. டெல்பினிடினை உண்டாக்கும் நொதியின் மரபணு 1990-களின் தொடக்கத்தில் பெட்டூனியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் ஃபுளோரிஜீன் நிறுவனமும் ஜப்பானின் சன்டோரி நிறுவனமும் கைகோத்து அதைக் கார்னேஷனில் செலுத்தின. 'மூன்டஸ்ட்' என்ற ஊதாக் கார்னேஷன் அந்தப் பத்தாண்டிலேயே சந்தைக்கு வந்தது. ரோஜாவிலோ அதே பெட்டூனியா மரபணு வேலை செய்யவில்லை. பல செடிகளின் மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகு பேன்சி என்ற தோட்டப் பூச்செடியின் மரபணு பலன் தந்தது. 2004-ல் வெற்றி அறிவிக்கப்பட்டு, 2009-ல் 'அப்ளாஸ்' என்ற பெயரில் அந்த ரோஜா ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

அந்தப் பூவைப் படத்தில் பார்ப்பவர்கள் இது இளவூதாதானே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. இதழில் இருக்கும் அந்தோசயனின் ஏறத்தாழ முழுவதும் டெல்பினிடின்தான். ஆனால் ரோஜா இதழின் வாக்குவோல் அமிலம் மிகுந்தது, நீலத்தை ஆழப்படுத்தும் துணைப் பொருளும் போதாது. ஆய்வாளர்கள் அமிலம் குறைந்த, துணைப் பொருள் மிகுந்த ரோஜா வகைகளைத் தேடித் தேர்ந்தெடுத்தே இவ்வளவு தூரம் வர முடிந்தது. மரபணு ஒன்றைச் செலுத்திவிட்டால் நிறம் வந்துவிடும் என்ற எளிய நம்பிக்கையை ரோஜா இருபது ஆண்டுகள் காக்கவைத்துத் திருத்தியது.

சாமந்தியில் கிடைத்த வெற்றி இதைவிட முழுமையானது, நமக்கும் நெருக்கமானது. ஜப்பானின் தேசிய வேளாண்மை மற்றும் உணவு ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்த நவோனோபு நோடாவும் அவர் குழுவினரும் முதலில் கம்பானுலா என்ற பூச்செடியின் மரபணுவைச் செலுத்தி ஊதாவைப் பெற்றார்கள். பிறகு நம் வேலிகளில் படரும் நீலச் சங்குப்பூவிலிருந்து இன்னொரு மரபணுவை எடுத்துச் சேர்த்தார்கள். அந்த மரபணுவின் நொதி, டெல்பினிடின் மூலக்கூறின் இரண்டு இடங்களில் சர்க்கரையை ஒட்டவைக்கும். அப்படி மாறிய நிறமி, சாமந்தி இதழில் ஏற்கெனவே இருந்த நிறமற்ற ஃபிளேவோனோடு இணைந்து உண்மையான நீலத்தைக் காட்டியது. வாக்குவோலின் அமிலத்தன்மையை மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை. 2017-ல் இந்த முடிவு வெளியானது.

இந்தத் துறையில் எதிர்பாராத முடிவுகளுக்கும் குறைவில்லை. பெட்டூனியாவின் ஊதாவை ஆழமாக்குவதற்காக, நிறமி உற்பத்தியின் தொடக்கப் படிக்கான மரபணுவின் கூடுதல் நகல் ஒன்றைச் செலுத்திய ஆய்வு அமெரிக்காவில் 1990-ல் வெளியானது. ஆழ்ந்த ஊதாவுக்குப் பதிலாகப் பல செடிகளில் வெள்ளைப் பூக்களும், வெள்ளைத் திட்டு விழுந்த பூக்களும் வந்தன. செலுத்திய மரபணு, செடியில் இருந்த தன் இணையையும் சேர்த்து வாயடைத்துவிட்டது. ஆர்.என்.ஏ. வழியாக மரபணுவை அமைதிப்படுத்தும் வழிமுறை பின்னாளில் புழுக்களில் விளக்கப்பட்டு 2006-ல் நோபல் பரிசு பெற்றபோது, பெட்டூனியாவின் வெள்ளைத் திட்டுகளுக்கும் விளக்கம் கிடைத்தது.

பெட்டூனியாவில் ஆரஞ்சு இயல்பாக இல்லை. அதன் ஒரு நொதி பெலார்கோனிடினுக்கான மூலப்பொருளை ஏற்பதில்லை. ஜெர்மனியின் கோலோனில் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் மக்காச்சோளத்தின் மரபணுவைச் செலுத்திச் செங்கல் நிறப் பெட்டூனியாவை 1987-ல் உருவாக்கினார்கள். அது ஆய்வுக்கானது. ஆனால் 2015-ல் ஹெல்சின்கி ரயில் நிலையத்தருகே பூந்தொட்டிகளில் ஆரஞ்சுப் பெட்டூனியாக்களைக் கண்ட தாவரவியலாளர் டீமு டீரி, அந்த நிறம் இயல்பாக வர முடியாதே என்று ஐயுற்று ஒரு துண்டை எடுத்துச் சோதித்தார். மக்காச்சோள மரபணு இருந்தது. 2017-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெறாத அந்த வகைகள் சந்தையிலிருந்து அகற்றப்பட்டு அழிக்கப்பட்டன. அவற்றை விற்ற பலருக்கும் தாங்கள் விற்பது மரபணு மாற்றிய செடி என்று தெரியாது. ஒரு பூவினத்தில் எந்த நிறம் ஏன் வராது என்ற அறிவு, சட்டப்படி பார்த்தாலும் எவ்வளவு தேவையானது என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது.

வீட்டுத் தோட்டத்தில் செய்யக் கூடியது

நம் ஊர் வெயிலில் புது நிறத்துக்காகக் கலப்புச் செய்ய விரும்புபவருக்கு நான் பரிந்துரைப்பது செம்பருத்தியை. அதன் கலப்பின வகைகள் பன்மயமானவை, மரபணுக் கலவை மிகுந்தவை; ஒரே காயின் விதைகளில் ஒன்றுக்கொன்று ஒட்டாத நிறங்கள் வரும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து செம்பும் பழுப்பும் ஆவதையும், மஞ்சள் விலகிச் சாம்பல் படர்ந்த ஊதா வெளிப்படுவதையும் அதில் பார்க்கலாம். நம் வீட்டு வேலிகளில் உள்ள பழைய ஒற்றைச் சிவப்பு பெரும்பாலும் காய்ப்பதில்லை என்பதால், நர்சரியில் கிடைக்கும் கலப்பின வகைகள் இரண்டையாவது வைத்துத் தொடங்குவது நல்லது.

பூவின் நடுவே நீளும் குழாயின் பக்கங்களில் மகரந்தப் பைகளும், நுனியில் ஐந்து சிறு பட்டு முடிச்சுகள் போன்ற சூல்முடிகளும் இருக்கும். காலையில் பூ நன்றாக விரிந்து, பைகள் வெடித்து மஞ்சள் துகள்கள் வெளிவந்ததும், தந்தைப் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைத் தாய்ப் பூவின் ஐந்து முடிகளிலும் படும்படி மெல்லத் தடவ வேண்டும். துகள்கள் பெரியவை, படிந்ததைக் கண்ணாலேயே பார்க்கலாம். காம்பில் தாய், தந்தை, தேதி மூன்றையும் எழுதிய சீட்டைக் கட்ட வேண்டும். சீட்டு இல்லாத காய்க்கு மதிப்பு இல்லை, ஏனென்றால் நல்ல நிறம் வந்தாலும் அதை மீண்டும் உண்டாக்க வழி தெரியாது. கடும் கோடையில் பெரும்பாலான கலப்புகள் உதிர்ந்துவிடும். கார்த்திகைக்குப் பின், வெயில் தணிந்த மாதங்களில் காய் தங்குகிறது. பூ உதிர்ந்த பிறகும் புல்லி பச்சையாக நின்று பருத்தால் கலப்பு பிடித்தது என்று கொள்ளலாம். ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் காய் பழுப்பாகி வெடிக்கத் தொடங்கும். அதற்கு முன்பே மெல்லிய துணியால் மூடிக் கட்டிவிட்டால் விதை சிதறாது. தடித்த விதைத்தோலை ஓரத்தில் சற்றே கீறி ஊறவைத்து விதைத்தால் முளைப்பு விரைவாகும். முதல் பூவுக்கு ஓராண்டு அல்லது சற்று மேல் ஆகும்.

முதல் பூவைப் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. செம்பருத்தியின் நிறம் வெப்பத்தோடு மாறும். மார்கழியில் ஆழ்ந்த ஊதாவாகத் தெரிந்தது சித்திரையில் வெளிறிய இளஞ்சிவப்பாகிவிடலாம். எல்லாப் பருவங்களிலும் பூத்துக் காட்டிய பிறகே எந்த நாற்றை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க வேண்டும். வைத்துக்கொள்ளும் நாற்றின் விதையிலிருந்து அதே நிறம் வராது என்பதால், அதைக் குச்சி நட்டோ, வேர் வலுவாக ஓடும் பழைய சிவப்புச் செம்பருத்தியின் மீது ஒட்டுக்கட்டியோதான் பெருக்க வேண்டும். ஒட்டு பிடித்த செடியில் அடிக்கட்டையிலிருந்து கிளம்பும் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மழைக்குள் பழைய சிவப்பே செடி முழுவதையும் ஆக்கிரமித்துவிடும்.